நான் சொல்லாமல் விட்டது

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு பனிக்கால ஞாயிற்றுக்கிழமை. கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் பார்ட்டி ரூமில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடியிருந்தோம். எல்லோரும் இலங்கை முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எங்களில் சில வீடுகளில், பெண் குழந்தை பிறந்து நாற்பது நாளிலோ சில மாதங்களிலோ அதன் பிறப்புறுப்பில் பிளேட்டால் கீறும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நிறுத்த வேண்டும் என்று பேசத்தான் அந்தக் கூட்டம். பேச ஒத்துக்கொண்டவள் நான்.

வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள்தான். ஆனால் அன்று எழுந்து நின்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. எனக்கும் குழந்தையிலேயே செய்திருந்தார்கள். கலியாணத்துக்குப் பிறகு நான் பட்ட வேதனையை என் கணவரிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. அதனால் சுகமான வழியைப் பிடித்தேன். துருப்பிடித்த பிளேட், கிருமி, காய்ச்சல், ரத்தப்போக்கு என்று அரை மணி நேரம் விளாசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கட்லட்டும் பிளேன் டீயும் முடிய, அருமையாகப் பேசிவிட்டேன் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன்.

முன் வரிசையில் இருந்து கவனமாகக் கேட்டவள் எங்கள் மாடியிலேயே இருக்கும், என்னை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் ஒரு தங்கச்சி. அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி.

கோடையில் அவள் கைக்குழந்தையோடு ஊருக்குப் போய் வந்தாள். பார்க்கப் போனேன். பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ராத்தா, மாமி ஊரில செய்யிற மனிசியைக் கூப்பிடத்தான் நிண்டா. நான் விடேல்ல. நீங்க சொன்னது ஞாபகம் இருந்தது. டொக்டரிட்டக் கொண்டுபோய்ப் புது பிளேட்டில சுத்தமாச் செய்விச்சன். காய்ச்சல்கூட வரேல்ல."

அவள் முகத்தில் அப்படியொரு நன்றி. பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"செய்யவே வேண்டாம் எண்டுதானேடி அண்டைக்குக் கூடினது" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க அப்பிடிச் சொல்லேல்லையே, ராத்தா."

உண்மைதான். அப்படி ஒரு வசனம்கூட நான் சொல்லவில்லை.

இப்போது எந்தக் கூட்டத்திலும் முதலில் என் கதையைத்தான் சொல்கிறேன். பாதியில் எழுந்து போகிறார்கள். அடுத்த முறை இன்னும் குறைவாக வருகிறார்கள். ஊரில் நடப்பதை நம்மால் நிறுத்த முடியுமா என்று கேட்கிறார்கள். அந்தத் தங்கச்சி கூட்டங்களுக்கு வருவதேயில்லை. லிஃப்டில் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். குனிய வேண்டியவள் நானல்லவா?

அவளுடைய மகளுக்கு இப்போது மூன்று வயது. என்னைக் கண்டதும் "அன்ரி" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். நான் வாய் திறக்க வெட்கப்பட்ட அந்த அரை மணி நேரத்துக்காக இந்தப் பிள்ளை எத்தனை வருடம் வேதனைப்படப் போகிறாளோ என்று நினைக்காமல் அவளை ஒருநாளும் என்னால் தூக்க முடிவதில்லை.