மருமகள் படித்த போலிஷும் நான் கட்டிய காப்பும்

இதை எழுத வேண்டும் என்று ஆறு வருஷமாக நினைத்திருக்கிறேன். நோட்டை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், கிழித்துவிடுவேன். எட்டாவது வரை படித்தவனுக்கு எழுத்து எங்கே வரும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எங்கள் ஊரில் என்னைப் பக்திமான் என்பார்கள். அந்தப் பேர் போய்விடுமே என்கிற பயம். அம்மன் சாட்சியாக இப்போது எழுதுகிறேன்.

நினைத்தவுடன் கண்ணில் வருவது ஒரு புத்தகம். ஜெராக்ஸ் போட்டு, கம்பிச் சுருள் கோத்து, மேலே பிளாஸ்டிக் அட்டை வைத்தது. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் போலிஷ் மொழி கற்றுக்கொள்வதற்கான புத்தகம். என் மருமகள் நர்ஸ் படிப்பு படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பு வேலை பார்த்தாள். அங்கே தங்கிப்போன ஒரு போலந்து அம்மா கொடுத்த புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டாள். போலந்தில் முதியோர் இல்லங்களுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள், அந்த ஊர் பாஷையில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தால் முதலில் எடுப்பார்கள் என்று பாண்டியில் ஒரு ஏஜென்சி சொன்னது. என் மகனுக்கு அப்போது சென்னையில் கான்ட்ராக்ட் வேலை, இன்றைக்கு இருக்கும் நாளைக்கு இருக்காது. அவள் போனால் இரண்டு பேரும் நிமிர்ந்துவிடலாம் என்று ராத்திரி பகலாகப் படித்தாள்.

சாயங்காலம் உப்பளத்திலிருந்து வந்து நான் கால் கழுவியதும் புத்தகத்தை என் கையில் கொடுப்பாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டும், அவள் பார்க்காமல் சொல்ல வேண்டும். 'ஒய்' என்ற எழுத்தை 'பிட்' என்பதில் வருகிற 'இ' மாதிரி சொல்லு என்று புத்தகம் சொல்லும். அவளுக்கு அது திருப்தியாக இல்லை. ஒருநாள் திடீரென்று, 'காசு', 'அது' என்று முடிக்கும்போது வாயில் பாதியாக நிற்கிற 'உ' இருக்கிறதே, அதுதான் இது என்றாள். இரண்டு பேரும் மாறிமாறிச் சொல்லிப் பார்த்தோம். 'எல்' எழுத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டால் அது 'எல்' இல்லை, உதட்டைக் குவித்துச் சொல்லும் 'வ'. எந்த வார்த்தையானாலும் கடைசிக்கு முந்தின அசையில்தான் அழுத்தம். இதெல்லாம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

பேர்ச்சொல்லின் கடைசி ஏழு விதமாக மாறும் என்று ஒரு பாடம். ஆரம்பத்திலேயே பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தது. மருமகள் சிரித்தாள்.

"இது இங்கிலீஷ்காரங்களுக்கு எழுதுனது மாமா. நம்ம வீடு, வீட்டை, வீட்டுக்கு, வீட்ல-ன்னு தினமும் மாத்திக்கினுதான இருக்கோம். அவங்க பயப்படற எடத்துல நமக்கு இன்னா பயம்?"

வினைச்சொல்லின் முடிவிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடுமாம், நாம் 'போறேன்' என்றால் 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டாதது போல. பெரியவர்களிடம் 'நீ' என்று சொல்லக் கூடாதாம். ஆணை 'பான்', பெண்ணை 'பானி' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பாஷையின் மேல் எனக்கு மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான்.

சில நாள் என்னையே போலந்துத் தாத்தாவாக நாற்காலியில் உட்காரவைப்பாள். "ட்ஸோ பானா போலி?" என்பாள். உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். நான், "போலி ம்ன்யெ நோகா" என்பேன். கால் வலிக்கிறது. என் வீட்டுக்காரி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள்.

"உப்புத் தண்ணியில வெடிச்ச காலுக்கு நோகான்னு பேரு வெச்சா நோகாம இன்னா பண்ணும்? ஏம்மா, இந்தக் கெழவன அங்கயே இட்டுக்கினு போயிடு."

நாலு மாசம் இப்படிப் போனது. ஆடி மாசம் ஏஜென்சியிலிருந்து நாள் குறித்துச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி, பாண்டியில். போலந்திலிருந்து கம்ப்யூட்டர் வழியாக முகம் பார்த்துப் பேசுவார்கள். ஒரு தடவைதான், இன்னொரு நாள் கிடையாது.

அந்த வாரம்தான் எங்கள் ஊர் திரௌபதி அம்மனுக்குக் காப்பு கட்டியிருந்தது. நான் தீ மிதிக்க வேண்டிக்கொண்டு கையில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தேன். காப்பு கட்டியவனும் அவன் வீட்டாரும் தீமிதி முடிகிற வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். மருமகள் வந்து கதவோரம் நின்று கேட்டாள். காலை பஸ்ஸில் போய் விளக்கு வைக்கிறதுக்குள் வந்துவிடுகிறேன், பூசாரியை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்றாள். நான் பூசாரியைக் கேட்கவில்லை. கேட்டால் அவர் போகட்டும் என்று சொல்லிவிடுவாரோ என்றுகூட எனக்குள் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் இன்னொருத்தன் வீட்டார் எல்லை தாண்டியதைக் குற்றம் என்று பஞ்சாயத்தில் பேசியவன் நான்.

"ஆத்தாளுக்குக் கட்டுன காப்பு. வெளையாட்டு இல்ல. ஒனக்குன்னு இருந்தா அது தானா வரும்" என்றேன். மகனும் போனில், அப்பா சொல்றதைக் கேளு என்றான். அவள் அப்புறம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அளத்தில் என் பாத்தி உப்பு வாரி அம்பாரமாகக் கிடந்தது. மழை விழுந்தால் அத்தனையும் கரைந்து போகும். ஊரில் இருந்த தார்ப்பாயெல்லாம் திருவிழாப் பந்தலுக்குப் போய்விட்டது, மரக்காணத்தில் மற்ற அளக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். குயிலாப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த பந்தல்காரர் ஒருவர் இருந்தார். முழுக்கைச் சட்டை போட்டேன். காப்பு தெரியாமல் கையை இறக்கிப் பொத்தான் போட்டேன். கூட வேலை செய்கிறவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய்விட்டேன். எல்லைக் கல்லைத் தாண்டும்போது, உப்பும் ஆத்தா கொடுத்ததுதானே, அவள் கோபிக்க மாட்டாள் என்று மனசுக்குச் சொன்னேன். மருமகள் வந்து கேட்டபோது இந்தச் சமாதானம் எனக்குத் தோன்றவில்லை.

பந்தல்காரர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஆகப் பத்து நிமிஷம். அங்கிருந்து பாண்டி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தார்ப்பாயை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபோது அது எனக்குத் தெரியாமல் இல்லை.

அன்றைக்கு மழை தூறலோடு போய்விட்டது. மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அளத்திலிருந்து வந்தேன் என்றேன். என் வீட்டுக்காரி நம்பினாள். மருமகள் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு என் செருப்பைப் பார்த்தாள். எங்கள் அளத்து மண் சாம்பல் நிறம், காய்ந்தால் உப்புப் பூக்கும். குயிலாப்பாளையத்து மண் சிவப்பு. மூன்று வருஷம் தினமும் அந்த மண்ணில் நடந்து வேலைக்குப் போனவள் அவள். செருப்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து மெதுவாகச் சொன்னாள்.

"செருப்பக் கழுவி வெயில்ல வெச்சிருக்கேன் மாமா. அத்தை பார்க்கல."

அவள் திட்டியிருக்கலாம். ஊரைக் கூட்டியிருக்கலாம். என் மரியாதையைக் காப்பாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை நான் தீ மிதித்தேன். கால் வெந்துபோக வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே இறங்கினேன். ஒரு கொப்புளம் கூட இல்லை. சுத்தமான விரதம் என்று ஜனங்கள் என் காலில் விழுந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவளும் நின்றாள். விழவில்லை.

ஏஜென்சியில் வேறு ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். அடுத்த வருஷம் ஆள் எடுக்கவே இல்லை, பிறகு வயசு தாண்டிவிட்டது என்றார்கள். இப்போது மரக்காணத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போடுகிறாள். மகனுக்கு இன்னும் கான்ட்ராக்ட் வேலைதான். வீட்டில் எனக்கு மாத்திரையும் சாப்பாடும் நேரத்துக்குக் கொடுக்கிறாள். ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இந்த வருஷம் காப்பு கட்டும்போது கட்டுப்பாட்டை ஊருக்குச் சொல்லும்படி என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். நானும் எல்லை தாண்டினவன்தான், பரீட்சைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களைத் தடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் எழுந்தேன். முன்வரிசையில் பெரிய மனுஷர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எல்லை தாண்டக் கூடாது என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதுவதற்கு முன் மருமகளிடம் அனுமதி கேட்டேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்க மாமா. ஆனா போயிருந்தா நான் கண்டிப்பா தேறியிருப்பேன்னு எழுதாதீங்க. அது எனக்கே தெரியாது. அதத் தெரிஞ்சிக்கத்தான் போவணும்னு கேட்டேன்."

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். திருவிழாக் கமிட்டியில் இருப்பவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காக எதையும் பூசி மெழுக வேண்டாம். அம்மன் மேல் பழி வர வேண்டாம், நான் செய்தது. கடைசியில் மருமகள் மாமனாரை மன்னித்துவிட்டாள் என்று முடித்துவிடாதீர்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. நானும் இன்னும் கேட்கவில்லை.