இடது பக்கத்து விசில்

இதை நான் நான்கு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான்கு தாளிலும் என் கையெழுத்து இருக்கிறது. மாற்றி எழுதச் சொன்னார்கள். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. நடந்ததை எப்படி மாற்றுவது?

என் பெயர் ரைசா. உக்ரைனின் கிழக்குப் பகுதியில், ஒஸ்கில் ஆற்றோரம் இருக்கும் தேசியப் பூங்காவில் காவலராக இருந்தேன். கீழே ஆறு, நடுவில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் குன்றுகள், மேலே கண்ணுக்கெட்டியவரை புல்வெளி. பதினோரு வருடம் அதில்தான் நடந்தேன்.

பேய் நள்ளிரவில்தான் வரும் என்பார்கள். எனக்கு அது தொடங்கியபோது பிற்பகல் மணி 2.20. 2013, நவம்பர் 14.

என்னோடு ரோந்துக்கு வருபவர் ஹென்னாதி மக்காரொவிச். எல்லோருக்கும் அவர் மக்காரிச். ஐம்பத்தைந்து வயது. நேர்மையான மனிதர், அதனாலேயே எனக்கும் அவருக்கும் ஒரு மாதமாகப் பேச்சு இல்லை. என் சித்தி மகன் கொஸ்த்யா, பைபாக் பிடிக்கக் கம்பிக் கண்ணி வைத்து என்னிடம் மாட்டினான். பைபாக் என்பது எங்கள் புல்வெளியில் வளை தோண்டி வாழும் கொழுத்த பிராணி, பூனையைவிடப் பெரியது. சட்டப்படி அதைத் தொடக்கூடாது. நான் கொஸ்த்யாவைத் திட்டிவிட்டு அனுப்பிவிட்டேன். மக்காரிச் அதை மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். அவன்மேல் வழக்கு வந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

ஆனாலும் ஒரே ஜீப்பில்தான் போனோம். ஒரே ஃபிளாஸ்க்கில் தேநீர். பேச்சு மட்டும் கிடையாது.

அன்று காலையிலிருந்தே பனிமூட்டம். குன்றுக்கு அடியில் ஒரு பள்ளத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, கறுப்பு ரொட்டியும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போது ஒரு விசில்.

கூர்மையாக, ஒரே ஒரு தடவை. ஆபத்து வந்தால் பைபாக் அப்படித்தான் விசில் அடிக்கும். ஆனால் பைபாக் செப்டம்பரில் வளையை அடைத்துக்கொண்டு தூங்கப் போகும். மார்ச் வரை அசையாது.

மக்காரிச் மெல்லுவதை நிறுத்தினார்.

"கேட்டுச்சா?"

"ம்."

"ரெண்டு மாசமா தூங்கிட்டிருக்கிறவன எவன் எழுப்பினான்?"

"எங்க சொந்தக்காரன் எவனாவது எழுப்பியிருப்பான். போய் எழுதிப் போடுங்க."

அவர் சிரித்துவிட்டார். ஒரு மாதத்தில் முதல் தடவை. "உன் நாக்க வெச்சு கம்பியே அறுக்கலாம், ராய்க்கா," என்றார். ரைசா என்ற என் பெயரை அவர் அப்படித்தான் செல்லமாகச் சுருக்குவார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுபடியும் விசில். இந்த முறை மூன்று. விரலை வாயில் வைத்துச் சிறு பிள்ளைகள் அடிப்பார்களே, அதுபோல. எங்கிருந்து என்பதும் தெரிந்தது. குன்றின் பக்கவாட்டில் ஒரு பொந்து உண்டு. வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்க ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தில் சுண்ணாம்பு வெட்டியெடுத்த குகை. உள்ளே போகத் தடை.

யாரோ ஊர்ப் பிள்ளை மாட்டிக்கொண்டான் என்றார் மக்காரிச். டார்ச்சை எடுத்துக்கொண்டு, குனிந்து உள்ளே போனார்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மணி 2.41. பெரிய சத்தமெல்லாம் இல்லை. மாவு மூட்டையைத் தரையில் இறக்கியதுபோல ஒரு 'தொப்'. பொந்தின் வாயிலிருந்து வெள்ளைப் புகைபோலத் தூள் வந்தது. அப்புறம் அமைதி.

நான் உள்ளே ஓடினேன். பத்தடியில் குகை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டு வாயும் இடிந்து மூடிக் கிடந்தன. அவர் எதற்குள் போனார் என்று எனக்குத் தெரியாது.

கத்தினேன். பதில் இல்லை.

வயர்லெஸ் பள்ளத்தில் வேலை செய்யாது. குன்றின் உச்சிக்கு ஏறி, 2.58க்குத் தகவல் சொன்னேன். சேற்றில் மீட்பு வண்டி வந்து சேர கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். ஜீப்பில் சேறு தள்ள ஒரு குட்டை மண்வெட்டி இருந்தது. அதையும் இன்னொரு டார்ச்சையும் எடுத்துக்கொண்டு 3.10க்குத் திரும்பினேன்.

எந்தப் பக்கம் தோண்டுவது?

"மக்காரிச்... எங்க இருக்கீங்க?"

ஒரு விசில். இடது பக்கத்திலிருந்து.

எனக்கு உயிரே வந்தது. பேச முடியாமல் விசில் அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு என்று கத்திச் சொன்னேன்.

ஒரு விசில்.

கால் மாட்டியிருக்கிறதா என்று கேட்டேன். ஒன்று. மூச்சு விட முடிகிறதா? ஒன்று. இந்தப் பக்கம்தானே? ஒன்று... உடனே.

தோண்டினேன். சுண்ணாம்பு ஈரமாக, மாவுபோல இருந்தது. ஒரு மண்வெட்டி அள்ளினால் மேலிருந்து இரண்டு மண்வெட்டி விழுந்தது. கை எரிந்தது. நகத்துக்குள் வெள்ளையாக ஏறியது. நான் களைத்து நிற்கும்போதெல்லாம் விசில் வரும். வா, வா என்பதுபோல.

நவம்பரில் எங்கள் பக்கம் சீக்கிரமே இருட்டும்; 4.15க்கே வெளியே நன்றாக இருட்டிவிட்டது.

அழுதுகொண்டே பேசிக்கொண்டிருந்தேன். கொஸ்த்யா விஷயத்தில் தப்பு என்னுடையதுதான் என்றேன். ஒரு மாதமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது தப்பு என்றேன்.

"என்ன மன்னிச்சிடுங்க மக்காரிச். மன்னிச்சிட்டீங்களா?"

ஒரு விசில்.

அதைக் கேட்டு வாய்விட்டு அழுதேன்.

4.50 இருக்கும். வலது பக்கத்தில் ஏதோ சுரண்டுவதுபோலக் கேட்டது. மெல்லிசாக... சர்க்... சர்க்... டார்ச்சைத் திருப்பினேன். ஒன்றும் தெரியவில்லை. எலியாக இருக்கும்.

உடனே இடது பக்கத்தில் விசில். அவசரமாக. ஒன்று, ஒன்று, ஒன்று.

மறுபடி இடது பக்கமே திரும்பினேன்.

தோண்டத் தோண்ட எனக்கு ஒன்று புரியத் தொடங்கியது. நான் இரண்டு முழம் உள்ளே போய்விட்டேன். விசில் நெருங்கவில்லை. முதலில் எவ்வளவு தூரத்தில் கேட்டதோ, அதே தூரம்.

வலது பக்கச் சுரண்டலும் நின்றுவிட்டது.

5.22.

மண்வெட்டியைக் கீழே வைத்தேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"மக்காரிச்... நீங்கதானே?"

அமைதி.

பிறகு...

இரண்டு விசில்.

டார்ச்சை இடிபாட்டின்மேல் பிடித்தேன்.

"அப்ப... யாரு?"

அடுத்த விசில் இடது பக்கத்திலிருந்து வரவில்லை.

என் பின்னாலிருந்து வந்தது.

என் கழுத்தருகே.

மூச்சுக்காற்று பட்டது.

குளிர்ந்த காற்று.

நான் திரும்பவில்லை. தோண்டவும் இல்லை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, முஷ்டியை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். 5.50க்கு வெளியே வண்டி வெளிச்சம் தெரியும்வரை அப்படியே இருந்தேன். இருபத்தெட்டு நிமிடம். ஒரு பிடி மண்கூட அள்ளவில்லை.

ஆறு பேர் வந்தார்கள், ஒரு நாயோடு. நாய் இடது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வலது பக்கம் போய்ப் பிறாண்டியது. 7.15க்கு மக்காரிச்சை வெளியே எடுத்தார்கள். முகம், மீசை, இமை எல்லாம் வெள்ளை. உயிர் இல்லை.

இடது பக்கத்தையும் தோண்டிப் பார்த்தார்கள். நான் விட்ட இடத்திலிருந்து இன்னும் இரண்டு முழம். அப்புறம் திடமான பாறை. அதற்கப்பால் குகையே கிடையாது. யாரும் இல்லை.

அவர் உடனே சாகவில்லை என்று டாக்டர் சொன்னார். நெஞ்சை மண் அழுத்தியிருந்ததால் குரல் எழும்பியிருக்காது, விசில் அடித்திருக்கவும் முடியாது. வலது கை மட்டும் அசைக்க முடிந்திருக்கிறது. ஐந்தரை மணிவரையாவது உயிர் இருந்திருக்கும் என்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒன்றரை மீட்டர் சுண்ணாம்பு.

அவர் மனைவி ஸீனா என்னைச் சவ அடக்கத்துக்கு விடவில்லை. வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "எம் புருஷன் எழுதுனது ஒரே ஒரு கடுதாசி. அதுக்கு இவ்ளோ பெரிய பதிலா?" என்று கேட்டாள். ஊரே அப்படித்தான் நம்பியது. வஞ்சம் வைத்து, தெரிந்தே வேறு பக்கம் தோண்டினேன் என்று.

விசாரணை அதிகாரி வேறு ஒன்றைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதையே கேட்டார்.

"ரெண்டாவது ஆள் யாரு?"

யாரும் இல்லை என்றேன். கொஸ்த்யாவா என்றார். அவன் அன்று முழுக்க நகரத்தில் நீதிமன்றத்தில் இருந்தான், சாட்சி இருந்தது. அப்படியானால் வேறு யார் என்றார். ஏன் இதையே கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான்காவது தாளில் கையெழுத்துப் போட்டபிறகுதான் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

மக்காரிச் கிடந்த இடத்துச் சுவர். கைக்கு எட்டிய உயரத்தில், பேனாக்கத்தியால் சுண்ணாம்பில் கீறிய எழுத்து. அவர் கையெழுத்துதான். ஒரு மாதம் நான் வெறுத்த அதே கையெழுத்து.

மூன்று வரி.

முதல் வரி, 'வலது பக்கம்.'

இரண்டாவது, 'ராய்க்கா, நான் இங்க இருக்கேன்.'

மூன்றாவது வரி கோணலாக, கீழே சரிந்து போயிருந்தது. படிக்க நேரம் பிடித்தது.

'நீங்க ரெண்டு பேரும் ஏன் சிரிக்கிறீங்க?'