பவளத்தீவுக்கு நாற்று நட

ஏற்காடு பஸ் நிலையத்தில் தூறுகிறது. சேலம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்தில் கிளியூர் காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் ஓர் அம்மா, மகளின் பெட்டியைக் கையிலிருந்து இறக்காமல் நிற்கிறார். தாவரவியல் படித்த மகள், ஆய்வுக் குழுவோடு பசிபிக் கடலில் ஆளில்லாத பவளத்தீவு ஒன்றுக்குப் போகிறாள்.

“ஏனுங்க, நொம்ப தூரம். மனுசரே இல்லாத எடத்துக்குப் பொண்ணை அனுப்பலாமுங்களா?” என்று அம்மா என்னிடம் கேட்கிறார்.

மகள் முந்திக்கொள்கிறாள். “அங்க ஒரு எரிமலை இருந்துச்சும்மா. அது கடலுக்குள்ள அமுங்கிருச்சு. சுத்தி வளர்ந்த பவளப்பாறை மட்டும் வளையமா நிக்குது. அப்புறம் ஆளுங்க வந்து காட்டை வெட்டித் தென்னை வெச்சாங்க. குடிக்கத் தண்ணி பத்தாம விட்டுட்டுப் போய்ட்டாங்க. அந்தப் பழைய காட்டு மரங்களை நாங்க மறுபடி நடப் போறோம். கடல் பறவைங்க கூடு கட்ட அதுதான் வேணும்.”

அம்மா மகளையே பார்க்கிறார். “நாத்து நடவா போற? முன்னாடியே சொல்றதுக்கு என்ன, கண்ணு?”

பஸ் வருகிறது. பெட்டியை அவரே ஏற்றிவைக்கிறார். மகளுக்குப் பின்னால் நானும் ஏறி அமர்கிறேன். அம்மா ஜன்னலருகே வந்து, வண்டி கிளம்பும் சத்தத்துக்கு மேலாகச் சொல்கிறார்:

“நட்டதும் வேரைச் சுத்தி மண்ணை நல்லா மிதிச்சு உடோணும். அங்க காத்து பலமா அடிக்கும்.”