வந்துகினே கீது

ஒரு நாள் காலையில் அந்தக் கறுப்புப் பெட்டி எங்கள் சமையலறையில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. கைப்பிடி பிய்ந்துபோய் அந்த இடத்தில் நைலான் கயிறு கட்டியிருந்த பெட்டி. உள்ளே ஒரு ட்ரம்பெட். முந்தின இரவு அதைப் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் நான்தான் தள்ளி வைத்திருந்தேன். வீடு பெருக்கும்போது என் மனைவி எடுத்திருப்பாள், திரும்ப வைக்க மறந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டு காபியைக் குடித்தேன். அவள் எதையும் மறக்கிறவள் அல்ல. அத்தனை காலம் கூடவே வாழ்ந்தும் அந்த நிமிடம் எனக்கு அது தோன்றவில்லை.

தண்டையார்பேட்டையில் எங்களுடையது ரயில் பெட்டி மாதிரி நீளமான மாடி வீடு. கடைசியில் படுக்கையறை, அதற்கு முன்னால் சமையலறை, அப்புறம் கூடம், தெருப்பக்கம் ஒரு வராந்தா, அதிலிருந்து இறங்கும் மாடிப்படி. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் கடிதப் போக்குவரத்துப் பிரிவில் இருந்தேன். ஆட்களைக் குறைத்தபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். இன்டர்நெட்டில் ஏலம் விடலாம் என்பது நம் ஊரில் புதிதாக வந்திருந்த காலம் அது. ராயபுரத்துப் பழைய சாமான் கடைகளில் கப்பலிலிருந்து இறங்கிய பித்தளை விளக்கு, பைனாகுலர், சுவர்க் கடிகாரம் என்று எதையாவது வாங்கி, துடைத்து, படமெடுத்து ஏலத்தில் போடுவேன். “கத்தாம எப்டியா ஏலம் வுடுவே?” என்று என் மனைவி கேட்டாள். அவளுக்குத் தெரிந்த ஏலம் அடகுக் கடை வாசலில் நடப்பது. படுக்கையறையில் கம்ப்யூட்டர் முன்னால் சத்தமே இல்லாமல் ஒரு மனிதன் ஏலம் விடுவதை அவள் கடைசி வரைக்கும் முழுசாக நம்பவில்லை.

என் வியாபாரத்துக்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தேன். படிக்கிறவர்கள் குளிர்சாதன அறையும் நாலு குமாஸ்தாக்களும் இருக்கும் இடமென்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். சரக்கு பம்பாய் குடோனிலிருந்து வரும் என்றுகூட எழுதியிருந்தேன். அந்தக் குடோன் எங்கள் கட்டிலின் அடி.

ஏலத்தில் பொருள் எடுத்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பின் முகம் தெரியாத ஒருவனுக்கு வங்கியில் பணம் கட்டிவிட்டு, அவன் அனுப்புவானா மாட்டானா என்று காத்திருக்கிறவர்கள் அவர்கள். சிலர் காலையில் ஒரு மின்னஞ்சல், மாலையில் ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்கள். ஒருவர் வெறும் கேள்விக்குறி மட்டும் அனுப்புவார். இன்னொருவர் பெட்டியை எப்படிக் கட்டப்போகிறாய், உள்ளே வைக்கோலா காகிதமா என்று கேட்டு எழுதினார். எனக்கு எரிச்சலாக வரும். பொறுமையில்லாத ஜனங்கள் என்று அவளிடம் சலித்துக்கொள்வேன். “துட்டு கட்டிட்டு கையில ஒண்ணும் இல்லாம குந்திகினு கீறாங்க. பேஜாரா இருக்காதா?” என்பாள். நான் அவர்களுக்கு அழகான ஆங்கிலத்தில் பதில் எழுதுவேன். பிழையே இருக்காது. ஒருவருக்கும் அதைப் படித்து மனசு ஆறியிருக்காது என்று இப்போது தெரிகிறது.

தொலைபேசி கூடத்தில் இருந்தது. நான் வெளியே போயிருக்கும்போது அவள்தான் எடுக்க வேண்டும். அதில் எனக்கு ஒரு கூச்சம் இருந்தது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் பேச்சு பிறந்து வளர்ந்த தெருவின் பேச்சு. நானும் அதே தெருக்களில்தான் வளர்ந்தேன், ஆனால் படிப்பும் ஆபீசும் என் நாக்கைத் தேய்த்துவிட்டிருந்தன. வாடிக்கையாளர்கள் அவள் குரலைக் கேட்டால் கம்பெனி என்ற என் நாடகம் கலைந்துவிடுமே என்று பயந்தேன். ‘ஆபீஸ்’ என்று மட்டும் சொல், மற்றதை நான் வந்து பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் ‘ஹலோ’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அது ஆபீஸ் இல்லையாம், வீடாம்.

ட்ரம்பெட்டை ஏலத்தில் எடுத்தவர் வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இருந்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கிற பேண்டு செட்டில் ட்ரம்பெட்காரர். அவருடைய பழைய ட்ரம்பெட்டில் பிஸ்டன் தேய்ந்து காற்று கசிய ஆரம்பித்திருந்தது. தை மாதம் முதல் முகூர்த்தத்துக்குள் நல்ல ட்ரம்பெட்டோடு வா, இல்லாவிட்டால் புளியந்தோப்பிலிருந்து வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று செட்டின் தலைவர் சொல்லிவிட்டாராம். பிரவுசிங் சென்டர்காரரின் உதவியோடு என்னுடையதைத் தேடிப் பிடித்துக் கேட்டார். போட்டிக்கு யாருமே வரவில்லை. மிகக் குறைந்த விலைக்கு ஏலம் முடிந்துவிட்டது. மறுநாளே வங்கியில் பணத்தைக் கட்டிவிட்டார்.

அதே நாள் பெங்களூரிலிருந்து ஒருவர், அந்த ட்ரம்பெட் இன்னும் இருக்கிறதா, எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்று எழுதினார். கொடுத்த வாக்கை நேராக மீற எனக்குத் துணிச்சல் இல்லை. ஆகவே அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். அனுப்பாமல் இருந்தேன். நாளாக ஆக ட்ரம்பெட்காரர் வெறுத்துப்போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்பார், மரியாதையாகக் கொடுத்துவிட்டு பெங்களூருக்கு விற்றுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவர் கூப்பிட்டால் பொருள் பம்பாயிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லச் சொல்லி மனைவியிடம் ஒப்படைத்தேன். அவரிடம் பேச எனக்கே வாய் வரவில்லை. ஒருநாளும் பொய் சொல்லாத அவளைப் போய் முன்னால் நிறுத்தினேன்.

அவர் வெறுத்துப்போகவில்லை. தினமும் கூப்பிட்டார். சில நாள் மூன்று முறை. முதலில் ‘மேடம்’ என்றார், பிறகு ‘அம்மா’, அதற்கும் பிறகு ‘தங்கச்சி’. ட்ரம்பெட் வரும் வரைக்கும் அவரை ஜால்ரா தட்ட விட்டிருந்தார்களாம். “இத்தினி வருசம் ஊதிட்டு இப்போ ஜால்ரா தட்டிகினு கீறேன் தங்கச்சி. அரசியல்ல இருந்தாலாச்சும் பொழைச்சிருப்பேன்” என்று சொன்னதாக அவள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெட்டி இதற்குள் அரிசி டிரம்மை விட்டுத் தையல் மெஷினுக்கு அடியில் வந்திருந்தது. அதன் பிறகு கூடத்தில், டி.வி. மேஜை ஓரம். ஒரு நாள் தொலைபேசி மணி விடாமல் அடித்தது. யாரும் எடுக்காததால் நான் எழுந்து வந்து பார்த்தேன். அவள் நைலான் கயிற்றைப் பிடித்துப் பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டிருந்தாள். டி.வி. மேஜையிலிருந்து வராந்தாக் கதவு வரைக்கும் நகர்த்தி வைத்துவிட்டு, புடவை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்தாள். “வந்துகினே கீது அண்ணே” என்றாள். அவ்வளவு நிம்மதியாக. வைத்துவிட்டுத் திரும்பியவள் நான் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

“பொய் சொல்ல எனக்கு வராதுயா. அதான் நவுத்திட்டு சொல்றேன். வந்துகினு கீதா இல்லியா, நீயே பாரு.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு நான் என்ன செய்திருக்க வேண்டும்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். வியாசர்பாடி எங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரம்தான். அன்று இரவு அவள் தூங்கிய பிறகு அதைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மறுநாள் அவர் கூப்பிட்டபோது நான் வீட்டில்தான் இருந்தேன். அவள் படுக்கையறை வரைக்கும் வந்து குனிந்து பார்த்துவிட்டு, கூடத்துக்குப் போய் ரிசீவரை எடுத்தாள். “அண்ணே, இன்னிக்கு கொஞ்சம் பின்னால போயிடுச்சு” என்றாள். அந்தப் பக்கம் அவர் போட்ட சத்தம் எனக்கு உள்ளே வரைக்கும் கேட்டது. “இன்னாது, பின்னால போச்சா? ரயிலு ரிவர்ஸ்ல போவுதா?” அவள் ரிசீவரைப் பிடித்தபடியே படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.

பொங்கல் நெருங்கியது. ஒரு நாள் வேறொரு பார்சலை அனுப்பப் பாரிமுனைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். கதவு பூட்டியிருந்தது. என்னிடம் இருந்த சாவியால் திறந்து உள்ளே போனேன். என் சாப்பாடு தட்டுப் போட்டு மூடியிருந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், பெட்டி இல்லை. வீட்டில் வேறெங்கும் தேடவில்லை. தேட வேண்டியதில்லை என்று தெரிந்துவிட்டது. சாப்பிடாமல் வராந்தாவில் நின்றிருந்தேன். வெயில் தாழ்ந்த பிறகு அவள் தெருமுனையில் வருவது தெரிந்தது. முழங்கால் வலிக்காரி, ஒரு காலை லேசாக இழுத்து நடந்து வந்தாள். மாடி ஏறி வந்து, சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். எங்கே போனாய் என்று கேட்டேன். “டெலிவரிக்கு” என்றாள்.

நான் கோபப்படுவேன் என்று அவள் எதிர்பார்த்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அவளாகவே சொன்னாள். இரண்டாவது மாடியாம். அவர் பெட்டியைத் திறந்ததும் ட்ரம்பெட்டைத் தொடவில்லையாம், லுங்கியில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு அப்புறம்தான் எடுத்தாராம். பக்கத்து வீட்டில் ராத்திரி ஷிப்டு முடித்தவர் தூங்கிக்கொண்டிருந்ததால், துணியை வாயில் அடைத்துச் சின்னதாக ஊதிக் காட்டினாராம். குரலை வைத்து இவளைக் கண்டுபிடித்து, போனில் பேசுகிற தங்கச்சி நீதானா என்று கேட்டாராம். ஏன் இத்தனை நாள் ஆனது என்று அவர் மனைவி கேட்டிருக்கிறாள். வழியில் நின்று நின்று வந்தது என்று இவள் சொல்லியிருக்கிறாள். என் பெயரையோ கட்டிலின் பெயரையோ எடுக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல், பொய்யும் சொல்லாமல், அந்தக் கால்களோடு போய் வந்திருக்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அன்று சாயங்காலம் தொலைபேசி மணி அடித்தது. அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் எடுத்தேன். ட்ரம்பெட்காரர்தான். நன்றி சொன்னார். முதல் முகூர்த்தத்துக்கு முன்வரிசையில் நிற்கப்போகிறேன் என்றார். தினமும் தொந்தரவு செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எங்கள் கம்பெனி ஒருபோதும் ஏமாற்றாது என்று நான் சொன்னேன். பிறகு அவர் கேட்டார்: “அந்தம்மா யாரு சார்? உங்க ஆபீஸ்ல வேல செய்றாங்களா?”

“ஆமாம். எங்கள் ஸ்டாஃப்” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. அதனால்தான் இத்தனை காலமாக அது உள்ளே குத்துகிறது. என் மனைவி என்று சொல்லியிருந்தால் ஆபீஸ், குடோன், பம்பாய் எல்லாம் அந்த நொடியே அரிசி டிரம்மும் தையல் மெஷினுமாக மாறியிருக்கும். ‘கீது’ என்று பேசுகிறவள் என் வீட்டுக்காரி என்று ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். கத்தி காய்மேல் நின்றது எனக்குக் கேட்டது. அவர் தொடர்ந்து பேசினார். “கால நொண்டிகினே மாடி ஏறி வந்தாங்க சார். ஒரு டீ கூட குடிக்கல. அவங்கள நல்லா பாத்துக்குங்க.” பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வைத்தேன். கத்தி மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.

ராத்திரி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு அவள் கூப்பிட்டாள். “மொதலாளி, சாப்ட வரீங்களா?” முகம் சிரித்துக்கொண்டிருந்தது. என்னிடம் ‘ங்க’ போட்டு அவள் பேசியது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்துத் தொலைத்தேன். அப்போதே எழுந்து, தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரிப்பு அந்த வாய்ப்பை அடைத்துவிட்டது. அன்றிலிருந்து நான் அவளுக்கு முதலாளிதான். காய்கறி வாங்கி வரச் சொல்லும்போது, மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது, கோபத்தில், கொஞ்சலில் எல்லாம் அதே பெயர். புருஷனை எவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அது என்னவென்று எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவள் ஒருநாளும் அதை விளக்கிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பெங்களூர்க்காரருக்கு விற்றாகிவிட்டது என்று அன்றே எழுதிவிட்டேன். கொஞ்ச நாளில் ஏல வியாபாரத்தையும் விட்டுவிட்டேன்.

இப்போது அவள் இல்லை. நான் எதை வாங்கினாலும் அது எந்தத் தெருவில் வருகிறது என்று கைபேசியே காட்டிவிடுகிறது. யாரும் யாருக்கும் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லித் தேற்ற வேண்டியதில்லை. தனியாக உட்கார்ந்து அந்தப் புள்ளி நகர்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அவளுடைய கண் ஆபரேஷன் நாள்.

ஒரு கண்ணில் கட்டோடு அவளை அறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நான் நடைபாதையில் பெஞ்சில் இருந்தேன். நர்ஸ் கையில் நோட்டோடு வெளியே வந்து, இந்தம்மாவோட முதலாளி யாரு என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள். எழுந்து போனேன். கூட வந்தது யார் என்று கேட்டிருக்கிறாள், இவள் மொதலாளி வந்துகீறாரு என்று சொல்லியிருக்கிறாள். குறும்போ பழக்கமோ, தெரியவில்லை. நர்ஸ் என்னிடம் கறாராகச் சொன்னாள், இங்கே வேலை கொடுத்தவர்கள் எல்லாம் இருக்க முடியாது, குடும்பத்து ஆள்தான் ராத்திரி தங்கலாம், அவர்கள் வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லுங்கள் என்று. அறையில் மற்ற நோயாளிகளும் அவர்கள் வீட்டார்களும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மற்றொரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“நான் மொதலாளி இல்ல சிஸ்டர். இது என் பொண்டாட்டி” என்றேன். அடுத்தது கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. “இது என் வூடு.”

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“சொல்ட்டாரு. எழுதிக்கோமா.”