அடித்து எழுதிய விலை

அந்தச் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தாலே சியூடினுக்குக் குமட்டும். பயணக் கண்காட்சிக்கு முந்தைய வாரம் முழுக்க அவளுக்கு அதுதான் வேலை. பெரிய அட்டையில் ஒரு விலையை எழுதுவாள், அதன் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இழுப்பாள், கீழே கொட்டை எழுத்தில் இன்னொரு விலையை எழுதுவாள். மேலே இருக்கும் விலைக்கு உலகத்தில் எவனும் அந்த உல்லாசக் கப்பலில் ஏறியதில்லை. அடிப்பதற்காகவே பெற்றெடுத்த விலை அது.

சிங்கப்பூர்ச் சைனாடவுனில் ஒரு கடைத்தொகுதியின் மூன்றாவது மாடியில் இருந்த பயண முகவர் கடையில் அவள் சேர்ந்தபோது சின்னப் பெண். அப்போது பழைய முதலாளி தாய்லாந்தின் ஹாட்யாய்க்கும் மலேசியாவின் கெந்திங் மலைக்கும் பேருந்துப் பயணம் விற்றுக்கொண்டிருந்தார். அவரும் பொய் சொல்வார்தான். ஆனால் சொல்லிவிட்டு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கோப்பி குடிக்கப் போய்விடுவார். அவர் மகன் ரேமண்ட் பொறுப்புக்கு வந்ததும் பேருந்து போய்க் கப்பல் வந்தது, அந்த வெட்கமும் போயிற்று.

'இரண்டாவது ஆள் இலவசம்' என்று அட்டையில் எழுதச் சொன்னவன் ரேமண்ட்தான். முதல் ஆளின் விலைக்குள்ளேயே இரண்டாவது ஆளையும் மடித்து வைத்தாயிற்று. அதற்குமேல் துறைமுக வரி, கப்பல் சிப்பந்திகளுக்கான அன்பளிப்பு என்று இரண்டு தலைக்கும் தனித்தனியாகப் பிடுங்குவார்கள். தனியாகப் போகிற ஆள் வந்தால் இல்லாத ஆளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதைக் கேட்டு ஒரு கைம்பெண் "அப்ப செத்துப்போனவருக்கும் நான்தான் கட்டணுமா?" என்று ஒருமுறை கேட்டாள். ரேமண்ட் சிரித்துக்கொண்டே அவளுக்கு ஒரு குடையை இலவசமாகக் கொடுத்தான். அன்று சியூடினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வாங்க வருகிறவர்களும் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் அல்ல. கண்காட்சிக் கூடத்தில் ஒரு வரிசையைப் பார்த்தால் போதும், எதற்கென்று கேட்காமலேயே பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். நின்ற பிறகுதான் முன்னால் நிற்பவரிடம் "அங்கிள், இது எதுக்கு வரிசை?" என்று விசாரிப்பார்கள். இலவசமாகக் கொடுக்கும் சக்கரப் பெட்டிக்காக முழங்கையால் இடிப்பார்கள். அந்தப் பெட்டியின் சக்கரம் டாக்ஸி நிறுத்தம் வரைகூடத் தாங்காது. கண்காட்சி முடிந்து இரண்டு வாரம் கழித்துக் கடைக்கு வந்தால் அதே அறை அதே விலைக்குக் கிடைக்கும், சில சமயம் அதைவிடக் குறைவாகவும் கிடைக்கும். ஆனால் அப்போது ஈ காக்கை வராது. வரிசை இல்லாத இடத்தில் மலிவு இருக்கும் என்று இந்த ஊரில் யாரும் நம்புவதில்லை.

உண்மையிலேயே விலை படுத்துவிடுகிற காலம் ஒன்று உண்டு. அது சீன நாள்காட்டியின் ஏழாம் மாதம். பசித்த ஆவிகள் வெளியே உலவும் அந்த மாதத்தில் சீனக் குடும்பம் எதுவும் தண்ணீர்ப் பக்கம் போகாது. கப்பலில் பாதி அறை காலியாகக் கிடக்கும். அந்த விலையை ரேமண்ட் அட்டையில் போடமாட்டான். கேட்டு வருகிற மலாய்க்காரருக்கும் இந்தியருக்கும் வெள்ளைக்காரருக்கும் சத்தமில்லாமல் விற்பான்.

இந்த ஆண்டு அவனுக்கு வேறு யோசனை வந்தது. சீன நாள்காட்டியில் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்ததால் ஏழாம் மாதம் தள்ளிப்போய், செப்டம்பரில் பெரும்பகுதியை விழுங்கியிருந்தது. வழக்கம்போல் ஆகஸ்டோடு அது முடிந்துவிடும் என்று சனங்கள் நினைத்துக்கொள்வார்கள் அல்லவா? செப்டம்பர்க் கப்பலை எடுத்துக் கண்காட்சி அட்டையில் போடச் சொன்னான்.

"பாஸ், அது ஏழாம் மாசம்" என்றாள் சியூடின்.

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாங்கறவனுக்குத் தெரியுமா? நாள்காட்டியக் கையில வெச்சுக்கிட்டா கண்காட்சிக்கு வரான்?"

"வீட்டுக்குப் போய்ப் பாத்தா தெரிஞ்சிடுமே."

"பாக்கட்டும். தள்ளுபடி டிக்கெட்ட மாத்த முடியாது, பணமும் திரும்பாது. கீழ பொடி எழுத்துல போட்டிருக்கில்ல? எழுதுங்க அக்கா, நேரமாவுது."

காலியாகக் கிடக்கப்போகிற கப்பலை, மலிவாகக் கொடுக்க வேண்டிய கப்பலை, ஏற்றிய விலையில், தள்ளுபடி என்ற பெயரில்! சாக்கடையை அள்ளிக் கிண்ணத்தில் ஊற்றிச் சூப் என்று வைப்பதுபோல் இருந்தது அவளுக்கு. எழுதினாள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான், எதற்கு வம்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினாள்.

கண்காட்சியின் முதல் நாள் மாலை அவள் தோ பாயோ வீட்டுக்குள் நுழைந்தபோது, நடுக்கூடத்தில் ஒரு சக்கரப் பெட்டி நின்றது. பளபளவென்று பச்சை நிறத்தில். அந்தப் பச்சையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அக்கா ஹியாங் மீன் கஞ்சியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அக்கா தங்கை இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மா அப்பா விட்டுப்போன இந்த வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஹியாங், அந்த அடுக்குமாடி புளோக்கில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டியவள். அவளுக்கு வெகுநாளாய் ஒரே ஆசை, தங்கையோடு ஒருமுறை கப்பல் ஏற வேண்டும். 'ஊரையே கப்பல் ஏத்துற, என்னை ஏத்த மாட்டேங்கற' என்று சாடையாகக் குத்திக்கொண்டே இருப்பாள்.

"என்னக்கா இது?"

"வாங்கிட்டேன்!" ஹியாங்கின் முகமெல்லாம் பல். "ரெண்டு பேருக்கும். பால்கனி அறை. நீ இருந்தா வேணாம்னு மூஞ்சியத் தூக்குவ. அதான் நீ சாப்பிடப் போற நேரமாப் பாத்து வந்தேன். பிள்ளைங்கள பாத்துச் சேத்து வெச்ச காசு, வேற எதுக்கு இருக்கு?"

"யாருகிட்ட வாங்கின?"

"உங்க பாஸ்கிட்டயேதான். நல்ல பையன். உன் அக்கான்னு சொன்னதும் வரிசையில நிக்க விடாம தனியா உக்கார வெச்சுப் பேசினான். நான் டிசம்பர்லதான் கேட்டேன். இதுல போங்க ஆன்ட்டி, கூட்டம் இருக்காது, குடும்பத்துக்குன்னு தர்றேன்னு அவனே பாத்துக் குடுத்தான். பெட்டியும் குடுத்தான். விலைய எப்படி அடிச்சிருக்கான் பாரு ஆ டின், பாதிக்குப் பாதி!"

சியூடின் சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்தாள். செப்டம்பர்க் கப்பல். ஏழாம் மாதம் வந்தால் ராத்திரியில் துணி காயப்போடாதவள் ஹியாங். கடற்கரைப் பூங்காவுக்குக்கூடத் தங்கையைப் போகவிடமாட்டாள். புளோக்குக்குக் கீழே குந்தியிருந்து காகிதக் காசு எரித்து, முகம் தெரியாத ஆவிகளுக்கெல்லாம் ஆரஞ்சுப் பழம் வைத்துக் கும்பிடுகிறவள். சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் புரட்டுகிற அன்றைக்கு இந்தச் சந்தோஷம் செத்துவிடும். பணமும் போய்விடும்.

"என்ன, பிடிக்கலியா?" என்றாள் ஹியாங்.

"பிடிச்சிருக்குக்கா" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போனாள் சியூடின்.

மறுநாள் காலையில் கூடம் திறக்கும் முன்பே ரேமண்டைப் பிடித்தாள்.

"எங்க அக்காவுக்கு ஏன் பாஸ் அந்தத் தேதியக் குடுத்தீங்க? அவ டிசம்பர் கேட்டிருக்கா."

ரேமண்ட் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க அக்கான்னுதான் குடுத்தேன். அந்தக் கப்பல்ல ஒரு அறைகூடப் போகல. முதல் அறை போனாதானே, வேகமா வித்துக்கிட்டிருக்குன்னு போர்டு வைக்கலாம்? வெளியாளுக்கு வித்தா நாளைக்கு நாள்காட்டியோட வந்து மேசையத் தட்டுவான். உங்க அக்கான்னா நீங்க வீட்டுலயே பேசிச் சரிக்கட்டிடுவீங்க."

"மாத்திக் குடுங்க."

"தள்ளுபடி டிக்கெட் அக்கா. நீங்கதானே எழுதினீங்க, மாத்த முடியாதுன்னு?"

அவன் இதைச் சொன்னபோது அவன் குரலில் கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லை. மழை வருகிறது என்று சொல்வதுபோல் சொன்னான். அதுதான் அவளுக்கு அருவருப்பின் உச்சமாக இருந்தது. காறித் துப்ப வேண்டும்போல் வாயெல்லாம் கசந்தது.

கதவு திறந்தது. சனங்கள் ஓடிவந்து வரிசை பிடித்தார்கள். செப்டம்பர் அட்டைக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். பக்கத்தில் ரேமண்டின் புதுப் போர்டு, 'வேகமாக விற்பனையாகிறது' என்று. சியூடின் நாற்காலியை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறினாள்.

"எல்லாரும் கேளுங்க!" என்று கத்தினாள். "இந்தக் கப்பல் போறது ஏழாம் மாசத்துல! இந்த வருஷம் ரெண்டு ஆறாம் மாசம்! வீட்டுக்குப் போய் நாள்காட்டியப் பாருங்க!"

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பின. பிறகு ஒரு மூதாட்டி "ஐயையோ!" என்று கையிலிருந்த படிவத்தைக் கீழே போட்டாள், தொட்டாலே தீட்டு என்பதுபோல். தண்ணீர் தெளித்த எறும்புக் கூட்டமாய் வரிசை சிதறியது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் இலவசப் பெட்டியைக் கேட்கக்கூட யாரும் நிற்கவில்லை.

ரேமண்டின் முகம் வெளுத்தது. "பைத்தியமா உங்களுக்கு?" என்று பல்லைக் கடித்தான்.

சியூடினுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு வயிறு இலேசானது போல் ஒரு சுகம். அந்தச் சுகம் ஒரு கோப்பி குடிக்கும் நேரம்கூட நிலைக்கவில்லை. தொப்பி போட்ட கிழவர் ஒருவர் திரும்பி வந்தார். அட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏழாம் மாசம்னா," என்று குரலைத் தாழ்த்தினார், "இன்னும் எவ்வளவு குறைப்பீங்க?"

ரேமண்ட் அவரைப் பார்த்தான். சியூடினைப் பார்த்தான். மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, தள்ளுபடி விலையின்மேல் ஒரு கோடு இழுத்து, அதற்கும் கீழே ஒன்றை எழுதினான். அது சத்தமில்லாமல் மற்றவர்களுக்கு விற்கிற விலை, ஒவ்வோர் ஆண்டும் ஏழாம் மாதத்தில் இருக்கிற விலை. கிழவர் கையைக் காட்டி மனைவியைக் கூப்பிட்டார். அவள் தன் தங்கையைக் கூப்பிட்டாள். படிவத்தைக் கீழே போட்ட மூதாட்டி குனிந்து அதையே தேடி எடுத்தாள். முன்பு இருந்ததைவிட நீளமாக வரிசை வளர்ந்தது.

"சிகப்புச் சட்ட போட்டுக்கிட்டா ஆவி ஒண்ணும் பண்ணாது" என்று ஒருத்தி மற்றவளுக்குத் தைரியம் சொன்னாள்.

சியூடின் ரேமண்டின் காதருகே போனாள். "எங்க அக்கா பணம் முழுசும் இப்பவே வேணும். இல்லன்னா திரும்ப நாற்காலி மேல ஏறுவேன். இதுதான் ஏழாம் மாசத்து வழக்கமான விலை, ஒரு காசு குறைக்கலன்னு கத்துவேன்."

பேயை விற்கத் தெரிந்தவன் அந்த மிரட்டலுக்குப் பயந்தான். காசு வாங்கும் பெண்ணைக் கூப்பிட்டு ஹியாங்கின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். "திங்கக்கிழம கடைக்கு வராதீங்க" என்றும் சொன்னான். சியூடின் கழுத்திலிருந்த பெயர் அட்டையைக் கழற்றி மேசைமேல் எறிந்துவிட்டு, வரிசையை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வரிசையில் அவள் விட்ட இடைவெளியை மட்டும் உடனே அடைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். ஹியாங் எழுந்து போய் நாள்காட்டித் தாள்களைத் தூக்கிப் பார்த்தாள், நெஞ்சில் கை வைத்தாள், ரேமண்டையும் அவன் பரம்பரையையும் டியோச்சூ மொழியில் நிற்கவைத்துத் திட்டினாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்காகவா வேலைய விட்ட? எனக்காகவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சியூடினுக்கும் கண் கலங்கியது. வேலை போனதுகூட அந்த நேரத்தில் பெரிதாகத் தெரியவில்லை.

ஹியாங் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேநீரைக் கலக்கிக் கொடுத்தாள்.

"ஆமா, கடைசியில என்ன விலைன்னு எழுதினான்?"

சியூடின் சொன்னாள்.

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்."

"பால்கனியோடவா?"

சியூடின் தலையாட்டினாள். ஹியாங் மறுபடியும் நாள்காட்டியிடம் போய், செப்டம்பர்த் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். "பதினஞ்சாம் நாள் பூச முடிஞ்சுட்டா ஆவிங்களுக்கும் வயிறு நெறஞ்சிருக்கும்ல?" என்றாள், யாரிடமோ கேட்பதுபோல். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"ஆ டின், நாளைக்கு எத்தன மணிக்குத் தொறப்பாங்க?"