ஆறு மாதக் கோடு

முக்காட்டுக்கு ஊசி குத்தும்போதுதான் தொடங்கியது. வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசியைப் பிடிக்கவில்லை. மூன்று முறை நழுவி விழுந்தது. நான்காவது முறை எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). மூளையில் எந்த இடம் என்று ஸ்கேன் வருவதற்கு முன்பே டாக்டரிடம் சொன்னேன். நாக்கு குழறியது, கர்வம் குழறவில்லை.

காரணம் உண்டு. காரைக்காலிலிருந்து கல்யாணமாகி இந்த சைகோனுக்கு வந்த நான், பாதி ஆயுளை ஒரே கேள்வியில் செலவழித்த டாக்டர். பக்கவாதத்தில் போன கை எப்படித் திரும்புகிறது? நான் வரைந்த வரைபடம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கோடு ஆறு மாதம் வரை ஏறும். பிறகு தரையைப் போல் தட்டையாகப் போகும். அதைப் படித்தவர்கள்தான் இந்த ஊர் வார்டுகளில் பயிற்சி கொடுக்கிறார்கள், ஆறு மாதத்தில் நிறுத்துகிறார்கள்.

எனக்குப் பயிற்சி கொடுத்தவள் என் மாணவி லான். கால் திரும்பியது. பேச்சு திரும்பியது. கை மட்டும் மடியில் கிடந்தது. ஆறாம் மாதக் கடைசியில் லான் என் சிகிச்சைக் கோப்பை மூடினாள். இங்கே ஆசிரியையை ‘கோ’ என்பார்கள்.

“கோ, இனிமே இடது கையைப் பழக்குங்க. நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்,” என்றாள். கண் கலங்கியிருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

என் கணவர் நசீர் மட்டும் தினமும் தாமரை விதைகளை ஒரு கிண்ணத்தில் கொட்டி என் முன் வைத்தார்.

“அதெல்லாம் முடிஞ்சு போச்சு மச்சான். நானே எழுதினது.”

“உன் புஸ்தகத்த நான் படிக்கல புள்ள. எடு.”

அவர் மனசுக்காகத்தான் எடுக்க முயன்றேன். எட்டாம் மாதம் ஒரு விதை விரல்களுக்கிடையில் நின்றது. மறுநாள் இரண்டு. லான் ஓடி வந்து அளந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை, கை ஏறிக்கொண்டிருந்தது.

நசீர் பாயசம் வைத்தார். எட்டாம் மாதத்தில் கை ஏறுமென்றால் என் கோடு எப்படித் தட்டையானது? பழைய ஆராய்ச்சி நோட்டுகளை இறக்கித் தரச் சொன்னேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நோயாளி வராமல் போனால் அவருடைய கட்டத்தைக் காலியாக விடமாட்டோம். கடைசியாக எடுத்த அளவையே அடுத்தடுத்த மாதங்களுக்கும் எழுதிக்கொள்வோம். என் நோட்டில் ஆறாம் மாதத்துக்குப் பிறகு பலர் வரவில்லை. ஒன்பதிலும் பன்னிரண்டிலும் அதே எண், என் கையெழுத்தில். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினால் கோடு தட்டையாகத்தான் போகும். எத்தனை பேரின் கை அந்தக் கோட்டோடு நின்றதோ, எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பது சின்ன வார்த்தை.

முதல் பக்கத்தில் ஹுங் இருந்தார். கான் ஹொய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஆறாம் மாதம் அவரிடம் நானே சொன்னேன், இனி இந்தக் கை இவ்வளவுதான் என்று. பிறகு அவர் வரவில்லை.

நசீரின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுச் சந்துக்குள் நடந்தேன். ஹுங் அடையாளம் கண்டுகொண்டார். இடது கையால் தேநீர் ஊற்றினார். வலது கை இறுகிய முஷ்டியாக மார்போடு ஒட்டியிருந்தது.

“ஏன் வராம விட்டீங்க அண்ணே?” என்றேன்.

“பின் யுவோங் மாகாணத்துல ஒரு கம்பெனி வாசல்ல காவல் வேலை கெடச்சுது டாக்டரம்மா. பஸ்ஸுக்கே நாள் போயிரும்.” கொஞ்சம் தயங்கினார். “ஒம்பதாம் மாசம் சட்டைப் பொத்தான் ஒண்ணு இந்த விரல்ல பிடிபட்டுச்சு. ரெண்டு நாள். நீங்க முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே, மனப்பிரமையா இருக்கும்னு விட்டுட்டேன்.”

மன்னிப்புக் கேட்டேன். நோட்டைத் திறந்து என்ன செய்தேன் என்று காட்டினேன். அந்த எண்களின் மேல் அவர் இடது கை விரலை வைத்தார்.

“இது நான் வராத நாளா?”

“ஆமா.”

வரைபடம் தவறு என்று பத்திரிகைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். பாடப்புத்தகத்திலிருந்து அது எப்போது போகும் என்று சொல்ல முடியாது. உங்கள் சிகிச்சைக் கோப்பையும் யாராவது மூடியிருந்தால், எந்த நோட்டைப் பார்த்து மூடினார்கள் என்று கேளுங்கள்.

இப்போது செவ்வாய்தோறும் ஹுங் வீட்டுக்குப் போகிறேன். முதல் நாள் அவர் கேட்டார்: “இத்தனை வருஷம் கழிச்சுத் திறக்குமா?”

“தெரியாது அண்ணே,” என்றேன். அந்த வார்த்தையை ஒரு நோயாளியிடம் நான் சொன்னது அதுதான் முதல் முறை.

அவர் முஷ்டியை என் வலது கையில் வைத்தார். என் பெருவிரலை அவருடைய மடங்கிய சுண்டுவிரலுக்கு அடியில் நுழைத்து நிமிர்த்தப் பார்த்தேன். என் விரலுக்கு அவ்வளவு வலு இன்னும் வரவில்லை.