மஞ்சள் மீனின் காயம்

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், கார் இருக்கைகள் செய்யும் ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் அப்பாவுக்கு வேலை. ஒரகடம் சாலை அப்போது இன்னும் அகலமாகவில்லை. எங்கள் ஊரிலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போன மற்றவர்கள் வெயிலில் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றினார்கள். அப்பா மட்டும் ஏசியில் தரை துடைத்தார். அதையே பெரிய பதவி போல அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அந்த அறையில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மேனேஜர் ஆசைப்பட்டு வைத்த கடல்மீன் தொட்டி. மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து ஒருவர் வந்து உப்புக் கரைத்து, தண்ணீர் மாற்றிவிட்டுப் போவார். மற்ற நாட்களில் தீனி போடுவதும் கண்ணாடி துடைப்பதும் அப்பாவின் பொறுப்பு. உள்ளே கரடுமுரடான பாறைகள், ஏழெட்டு மீன்கள். மேனேஜருக்குப் பிரியமானது ஒரு மஞ்சள் மீன். பழுத்த பூவரச இலையைத் தண்ணீருக்குள் செங்குத்தாக நிறுத்தியது போல இருக்கும்.

ஆயுத பூஜையன்று மட்டும் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். அம்மா மெஷின்களுக்குப் பொட்டு வைத்திருப்பதைப் பார்க்கப் போனாள். அப்பா பொரி வாங்கப் போனார். நான் தொட்டியின் முன்னால் தனியாக நின்றேன். மஞ்சள் மீன் பாறைக்குப் பின்னாலிருந்து வரவே இல்லை. வளையல் போட்ட கையால் கண்ணாடியைத் தட்டினேன். அசையவில்லை. விரல்முட்டியால் ஓங்கித் தட்டினேன். யாரோ வீசி எறிந்தது போல அது பாய்ந்து, பாறையில் உரசிக்கொண்டு எதிர்மூலைக்குப் போனது. அப்பா பொரிப் பொட்டலத்தோடு வந்தபோது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றேன்.

மூன்றாம் நாள் அப்பா வேலையிலிருந்து வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மீனுக்கு உடம்பில் ஏதோ வந்திருக்கிறது என்றார். புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையாக ஓர் இடம், ஓரமெல்லாம் சிவப்பு. தீனி எடுக்கவில்லை. சென்னைக்காரர் பூஜை விடுமுறையில் சொந்த ஊருக்குப் போயிருந்தார். மேனேஜரும் லீவில் தன் நாட்டுக்குப் போயிருந்தார். சூப்பர்வைசர் எட்ட நின்று பார்த்துவிட்டு, இது தொற்றுநோய், மற்றதுக்கும் பரவுவதற்குள் எடுத்துப் புதைத்துவிடு என்று உத்தரவு போட்டிருந்தார். அப்பா கெஞ்சி ஒருநாள் அவகாசம் வாங்கி வந்திருந்தார். மஞ்சள் அரைத்துப் பூசலாம் என்றாள் அம்மா. அவளுக்கு எல்லாப் புண்ணுக்கும் அதுதான் மருந்து. அப்பாவோ எங்கள் எருமைக்கு ஊசி போடும் டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்றார்.

மறுநாள் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வாளியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று, பள்ளி விடுமுறையில் இருந்த என்னை அழைத்துப் போனார். கேட்டில் செக்யூரிட்டி விடவில்லை. எந்தப் பொருள் வெளியே போனாலும் சீட்டு வேண்டுமாம். அப்பா உள்ளே ஓடி எழுதி வாங்கி வந்தார். "மீன் - 1. திரும்பி வர வேண்டியது" என்று இருந்தது. செக்யூரிட்டி வாளி மூடியைத் திறந்து, எண்ணிக்கை சரிதானா என்று பார்த்த பிறகே எங்களை விட்டார்.

கால்நடை மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் நான்கு ஆடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் காத்திருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாளியை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"மீனைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. புண்ணைப் பத்தித் தெரியும்" என்றார்.

மூச்சு வேகமாக விடுகிறதா, மற்ற மீன்களுக்கும் இருக்கிறதா, இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். மீன்வளக் கல்லூரியில் படித்த ஒரு சிநேகிதிக்குப் போன் போட்டு வெகுநேரம் பேசினார். பிறகு வாளிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒரு பக்கம்தான் இருக்கு. செதில் ஒரே திசையில பேந்திருக்கு. நோய்னா இப்படி வராது. எதுக்கோ பயந்து ஓடிப் பாறையில உரசியிருக்கு. யாராவது கண்ணாடியைத் தட்டினீங்களா?"

நான் வாளியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் மேடம்" என்றார் அப்பா. "கண்ணாடி தொடைக்கசொல்ல கைதவறி ரெண்டு தட்டு தட்டிட்டேன்."

டாக்டரம்மா ஈரத்துணியில் மீனை ஏந்தி, செவுளில் படாமல், பஞ்சுக்குச்சியால் காயத்தில் மட்டும் மருந்தைத் தொட்டு வைத்தார். பத்து எண்ணுவதற்குள் மீன் மறுபடி தண்ணீரில் இருந்தது. ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் கூடையைத் தொட்டிக்குள்ளேயே மிதக்கவிட்டு அதில் தனியாக வைக்கச் சொன்னார். விளக்கைக் குறைக்க வேண்டும், தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், யாரும் கிட்டே போய்த் தொந்தரவு செய்யக் கூடாது. மஞ்சள் பூசலாமா என்று அப்பா கேட்டதற்கு மட்டும் லேசாகச் சிரித்தார்.

வரும் வழியெல்லாம் எனக்குப் பெரிய நிம்மதி. நான் தட்டியது சின்னத் தட்டு, அப்பா தட்டியதுதான் பெரிய தட்டு, அதில்தான் மீன் அடிபட்டிருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

சூப்பர்வைசர் லேசில் நம்பவில்லை. நோய் இல்லையென்றால் எப்படி வந்தது என்று கேட்டாராம். டாக்டரம்மாவிடம் சொன்னதையே அப்பா அவரிடமும் சொன்னார். அதனால் மீனைப் புதைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் காயம் மூடி, அது கீரைத் துணுக்கைக் கொத்த ஆரம்பித்தது. லீவு முடிந்து வந்த மேனேஜர் நடந்ததைக் கேட்டுவிட்டு அப்பாவைச் சரக்கு ஏற்றும் பக்கம் மாற்றினார். தொட்டிக்கு வேறு ஆள் வந்தார்.

அப்பா அதன் பிறகு சட்டை முதுகில் உப்புப் பூத்து வீட்டுக்கு வந்தார். அம்மா ஊரில் அப்பாவின் வேலையைப் பற்றிப் பெருமை பேசுவதை விட்டுவிட்டாள். அப்பா தொட்டியை எப்போதும் ஈரப் பஞ்சால் சத்தமில்லாமல்தான் துடைப்பார் என்பதும், அந்தக் கண்ணாடியை அவர் ஒருநாளும் தட்டியதில்லை என்பதும், அவரோடு வேலை பார்த்த ஒருவர் என் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அவருடைய கவனக்குறைவால் ஏசி வேலை போய்விட்டது என்பதுதான். ஒருநாள் சாப்பிடும்போது, அம்மாவின் சார்பில் நானே கேட்டுவிட்டேன்.

"இன்னாபா, பாத்துத் தொடைக்க மாட்டியா?"

அப்பா பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இனிமே பாத்துக்கறேம்மா" என்றார்.

அவரைத் திருத்திவிட்ட திருப்தியில் நான் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.